லால்குடி தூரத்தில் ஒரு கூடாரம்

அன்புள்ள உங்களுக்கு,

பொருளடக்கம் போடாமல் எனக்கு எழுத ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறீர்கள். இருந்தாலும் முதலில் அதைப் போட்டுவிடுகிறேன்:

1. சலூனில் வந்த வாடை.
2. நான் ஐஸ் பார்க்க வந்ததும், அதற்குப் பிறகு நாம் சேர்ந்து வேலை செய்த விதமும்.
3. துரையின் கதைக்கு நீங்கள் வைத்த முடிவு. ஐஸ் கம்பெனி வாசலில் எல்லோரும் அதை நம்பினார்கள். என் புத்தகங்களை அங்கே யாரும் படித்ததில்லை என்பதால் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.
4. வரும் ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்வது.

நான்காவதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுதிக்கொண்டே போனால் ஏதாவது தோன்றும் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன்.

நேற்று காலை சித்திரை வீதிப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் சலூனுக்குப் போனேன். வெட்டிக்கொள்ள என் தலையில் அதிகம் இல்லை, பழக்கம், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் ஒருவர் மகளின் கல்யாணத்துக்காகத் தலைக்கும் மீசைக்கும் சாயம் போட உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்ததும் அம்மோனியா வாடை குப்பென்று கிளம்பியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சலூன்காரர் மின்விசிறியைத் திருப்பி வைத்தார். "ஒத்துக்கலையா சார்?"

"நல்லா ஒத்துக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வாடை" என்றேன்.

அவர் என் வெள்ளைத் தலையை ஒரு தரம் பார்த்தார். நான் இத்தனை காலம் வேறு எங்கோ போய்ச் சாயம் போட்டுக்கொண்டு, இவரிடம் மட்டும் வெள்ளைத் தலையோடு வந்து நிற்பதாக நினைத்தாரோ என்னவோ. ஐஸ் கம்பெனி மெஷினில் ஓடுவதும் அம்மோனியாதான், உங்கள் சட்டையில் எவ்வளவு துவைத்தாலும் போகாத வாடை அது என்று அவருக்கு எப்படி விளக்குவது?

இனி இரண்டாவது.

நான் நூலகராக இருந்த கல்லூரியில், மழைத் தண்ணீர் கசியும் மூலையில் ஓர் அலமாரி இருந்தது. துருவப் பயணம் போனவர்களின் நாட்குறிப்புகளும் பயண நூல்களும் அதில் இருந்தன. யாரும் எடுக்காததால் நான் எடுத்தேன். என் எழுத்து வாழ்க்கைக்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. தமிழில் இதையெல்லாம் யாராவது ஒழுங்காக எழுதினால் நன்றாக இருக்குமே என்று சில வருஷம் காத்திருந்தேன். யாரும் எழுதாததால் பயந்துகொண்டே நானே உட்கார்ந்தேன்.

முதல் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்திலேயே முட்டிக்கொண்டது. கப்பல் உறைந்த கடலில் சிக்கிக்கொள்ளும் இடம். ராத்திரியெல்லாம் பனிக்கட்டி முனகும், உறுமும் என்று மாலுமிகள் எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஐஸ் டம்ளரில் மிதப்பது. அது முனகி நான் கேட்டதில்லை. கேட்காததை எழுதக் கை வரவில்லை. அரியமங்கலத்தில் ஐஸ் கம்பெனி இருக்கிறது என்று யாரோ சொல்ல, பஸ் பிடித்து வந்து உங்கள் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே வரத் தயக்கம். நீங்களே பார்த்துவிட்டு வந்தீர்கள்.

"மீனுக்கா, கல்யாணத்துக்கா?"

"பார்க்கிறதுக்கு."

"எதை?"

"ஐஸை."

நீங்கள் திரும்பி உள்ளே பார்த்து, "டேய், ஐஸைப் பொண்ணு பாக்க வந்திருக்காருடா" என்றீர்கள். பிறகு என்னிடம், "வாங்க சார், வாங்க. பாக்கிறதுக்குக் காசு கிடையாது."

உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நீளமான டின்னைத் தூக்கி, ஐஸ் கழன்று வருவதற்காகச் சாதாரணத் தண்ணீரில் முக்கினார்கள். படக்கென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஐஸ் பாளத்துக்குள்ளிருந்து நீளமாக, அடித் தொண்டையிலிருந்து வருவதுபோல் ஒரு முனகல். நான் இன்னொரு தரம் முக்கச் சொன்னேன். நீங்கள் முக்கச் சொன்னீர்கள். நான் மறுபடியும் கேட்டேன். அன்றைக்கு வந்த மீன் வியாபாரிகளுக்கெல்லாம் என்னால் தாமதம். "யாரு அண்ணே இவரு, இன்ஸ்பெக்டரா?" என்று ஒரு பெண் கேட்டது காதில் விழுந்தது. அவர்தான் ராசாத்தி. அப்போது தலைச்சுமையாக மீன் விற்றுக்கொண்டிருந்தார். பின்னாளில் மார்க்கெட்டில் சொந்தக் கடை வைத்துவிட்டார்.

"இல்ல ராசாத்தி. லைப்ரரி" என்றீர்கள். அன்றிலிருந்து அந்த வாசலில் என் பெயர் லைப்ரரி சார்.

நாம் வேலை செய்த விதத்தை இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். ஓர் அத்தியாயம் முடிந்ததும் கொண்டுவந்து உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். மறுநாள் காலை, ஐஸுக்காக வரிசையில் நிற்கும் வியாபாரிகளுக்கு நீங்கள் அதை உங்கள் பாணியில் சொல்வீர்கள். நான் சாக்குக் குவியலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது "அப்புறம்?" என்று கேட்ட இடத்தில் பக்க ஓரத்தில் ஒரு சிறிய 'அ'. எல்லோரும் தங்கள் ஐஸ் உடைபட்டுவிட்டதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி விழுந்த பக்கங்களை வீட்டுக்குப் போய்த் திரும்ப எழுதுவேன். காற்றழுத்தமானி பற்றி நான் எழுதிய நாலு பக்கம் முழுக்கப் பெருக்கல்.

"அதைப் பத்தி எனக்கே புரியல சார். நான் நடுவுல ஒரு கரடியை விட்டேன், அப்பவும் எடுபடல."

"தென் துருவத்தில் கரடி கிடையாது."

"அதான் எடுபடல போலிருக்கு."

தகவலை நீங்கள் நேராகச் சொன்ன நாள் குறைவு. ஆனால் எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே ஓர் ஆளின் முகத்தைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் குரல் வழியாகத்தான் என் பேனாவுக்கு வந்தது. நார்வேக்காரர் நாய் வண்டியில் துருவத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்த அத்தியாயம் நினைவிருக்கிறதா? ராசாத்தி குறுக்கே வந்து, "ஏண்ணே, அந்த ஊர்ல மீன் கெடவே கெடாதுல்ல?" என்றார்.

"கெடாது."

"அப்ப அங்க கடை போட்டா ஐஸ் செலவே இல்ல."

"யாரு வாங்குவா? பெங்குவினா?"

"அது கடலுக்குள்ள போயி தானே பிடிச்சுக்குமே. கஷ்டம்தான்."

அந்தப் பேச்சை அப்படியே புத்தகத்தில் சேர்க்க ஆசைப்பட்டேன். வரலாற்று நூலில் சேர்க்கலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். கடைசியில் சேர்க்கவில்லை. இன்றும் அது ஒரு குறையாகத்தான் தெரிகிறது.

வீட்டுக்குத் திரும்பினால் என் மனைவி வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். "ஐஸ் கம்பெனிக்குப் போய்ட்டு வந்தேளா? எதையும் தொடாதேங்கோ. நேரா பாத்ரூம்." சுத்த சைவ வீட்டுக்குள் மீன் வாடையும் அம்மோனியாவும் கலந்து அடிப்பதை எந்த மகராசிதான் பொறுப்பாள்? ஆனால் உங்களுக்கென்று தனி டப்பாவில் தட்டை கொடுத்தனுப்பியதும் அவள்தான்.

உத்தர வீதியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரருக்கு என் எழுத்து கடைசிவரை விளங்கவில்லை. "ஓய், உமக்கு அங்கே சொந்தக்காரா யாராவது இருக்காளா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார். அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது புத்தகத்துக்கு வந்த மதிப்புரை ஒன்றில், வாழ்நாளில் பனியையே பார்க்காதவர் பனியைப் பற்றி எழுதுகிறார் என்று போட்டிருந்தார்கள். பொய்யில்லையே. சிம்லாவுக்குக்கூடப் போனதில்லை. அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்து, இனி எழுதப்போவதில்லை என்றேன். நீங்கள் முழுவதும் படித்துவிட்டு, மடித்து, விசிறிக்கொண்டீர்கள்.

"ஏங்க லைப்ரரி, பெருமாள் படுத்திருக்கிற உங்க ஊர்ல பாற்கடலைப் பத்திப் பேசாத ஆள் உண்டா?"

"கிடையாது."

"எவன் போயி கால் நனைச்சுட்டு வந்தான்?"

அடுத்த சித்திரையில் நாலாவது புத்தகம் ஆரம்பித்தேன். கத்திரி வெயிலில்தான் எனக்குக் குளிரைப் பற்றி எழுத வரும். மார்கழியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வரி நகராது. இந்த வினோதத்துக்கு நீங்களும் காரணம் சொன்னதில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன்.

என் முதல் புத்தகத்தின் கடைசி அத்தியாயம், இரண்டாவதாகத் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆங்கிலேயரைப் பற்றியது. நீங்கள் அவரைத் துரை என்பீர்கள். துருவத்தில் நார்வேக்காரரின் கொடி ஏற்கெனவே பறப்பதைப் பார்த்துவிட்டு, துரையும் அவருடைய ஆட்களும் திரும்பி நடக்கிறார்கள். வழியில் இருவர் போய்விடுகிறார்கள். மிஞ்சிய மூவரும் புயலில் கூடாரத்துக்குள் முடங்கி, அங்கேயே இறந்துபோகிறார்கள். முன்பே புதைத்து வைத்த சாப்பாடும் எண்ணெயும் அடுத்த சேமிப்பு இடத்தில் இருந்தன. வாசித்து முடித்ததும் நீங்கள் கேட்டீர்கள், "எவ்வளவு தூரத்துல சார் இருந்துச்சு?"

மைலில் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது என்பதால், "இங்கேருந்து லால்குடி போற தூரம்னு வெச்சுக்குங்க" என்றேன்.

மறுநாள் காலை சாக்குக் குவியலுக்குப் பின்னால் நான் காத்திருந்தேன். அருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். என் பக்கங்களில் 'அ' மேல் 'அ'. கூடாரம் வந்தது, புயல் வந்தது. அதற்கு மேல் உங்கள் குரல் ஒரு மாதிரி கம்மியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "காத்து நின்னுச்சு. துரை எந்திரிச்சாரு. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு லால்குடி வந்து சேந்துட்டாங்க" என்று முடித்துவிட்டீர்கள். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

ஆட்கள் போனதும் உங்களிடம் வந்தேன். நான் கோபப்பட்டது வாழ்நாளில் மிகக் குறைவு. அன்று கொஞ்சம் பட்டேன்.

"நடக்காததைச் சொல்லிட்டீங்க."

"ஆமா."

"கரடி வேற, இது வேற. அவங்க திரும்பி வரலை."

"தெரியும் சார். நீங்கதானே வாசிச்சீங்க." ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டீர்கள். "லால்குடி தூரத்துல சோறு இருக்கு, பட்டினியா செத்தாங்கன்னு நான் எந்த வாயால சொல்றது? விடிஞ்சதும் விடியாததுமா வந்து நிக்கிறாங்க. உங்க பொஸ்தகத்துல உள்ளபடி போடுங்க, யாரு வேணாம்னா? இங்க இது இப்படியே இருக்கட்டும்."

நான் பிரதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாதாடும் தைரியம் எனக்கு ஏது? வாசலில் அந்தக் கதை நிலைத்துவிட்டது. வருஷா வருஷம், புதிதாக யாராவது வரிசையில் சேர்ந்தால், "அண்ணே, துரை கதை சொல்லுங்க" என்பார்கள். நீங்களும் ஒவ்வொரு தடவையும் அவரை லால்குடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பீர்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது என் கடைசிப் புத்தகம் அச்சாகி வந்திருக்கிறது. கடைசி என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், கண் ஒத்துழைக்கவில்லை. முழுப் புத்தகமும் துரையின் பயணம். வெளியீட்டு விழா வேண்டாம் என்றுதான் சொன்னேன். உங்கள் மகன் கேட்கவில்லை.

"நம்ம கம்பெனியிலேயே வச்சுக்கலாம் மாமா. அப்பா இருந்தா வேற எங்கயாவது வைக்க விட்டிருப்பாரா? மார்க்கெட் ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. நீங்க கடைசி அத்தியாயத்தை வாசிக்கணும்."

கடைசி அத்தியாயம் கூடாரம். என் சங்கடம் இப்போது புரிகிறதா? உள்ளதை வாசித்தால், உங்களை அண்ணன் என்று கூப்பிட்ட அத்தனை பேருக்கும் முன்னால் உங்களைப் பொய்யராக்குகிறேன். அதுவும் பதில் சொல்ல நீங்கள் இல்லாதபோது. மாற்றி வாசித்தால், இத்தனை வருஷம் ஒரு தகவலை மூன்று இடத்தில் சரிபார்த்து எழுதியதற்கு அர்த்தமே இல்லை. வேறு அத்தியாயம் வாசிக்கலாம் என்றால் உங்கள் மகன் அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டான். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றும் பார்த்தேன். என் மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜில்லுனு இருக்கு. போய் வாசிங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

இதுவரை எழுதியது வியாழக்கிழமை. இன்று திங்கள். விழா நேற்று நடந்து முடிந்தது.

எலுமிச்சம்பழ மஞ்சளில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐஸ் உடைக்கும் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். மார்க்கெட் ஆட்கள் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்ததில் பாதிப் பேரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. துவாக்குடிக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் மூக்கில் கைக்குட்டையோடு முதல் வரிசையில். ராசாத்தி அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கைக்குட்டையை எடுக்கும்வரை கோயில் விசேஷங்களை விசாரித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு கையில் மைக், மறு கையில் புத்தகம், பக்கத்தைத் திருப்பக் கை இல்லை. உங்கள் மகன் வந்து மைக்கை ஸ்டாண்டில் பொருத்திவிட்டுப் போனான். வாசிக்க ஆரம்பித்தேன். நடை, பனி, காலில் வெடிப்பு. யாரும் ஐஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை; ஐஸும் இல்லை. கூடாரம் போட்டார்கள். புயல் ஆரம்பித்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் என் குரல் நின்றுவிட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, வாய் வரவில்லை.

ராசாத்தி கேட்டார். "என்ன லைப்ரரி சார், தண்ணி வேணுமா?"

"இல்லம்மா. இதுக்கு மேல அவர் உங்களுக்கு வேற மாதிரி சொல்லியிருப்பார்."

"லால்குடி வந்ததா?"

"ஆமா."

"வரலைன்னு தெரியும் சார். கூடாரத்துலயே செத்துப் போயிட்டாங்க. நீங்க வாசிங்க."

எனக்கு விளங்கவில்லை. "யார் சொன்னா?"

"நீங்கதான். உங்க மொதப் பொஸ்தகம் எம்மவ ஸ்கூல் லைப்ரரியில இருந்துச்சு. அவ எடுத்தாந்து மார்க்கெட்டுல உக்காந்து வாசிச்சா, நாங்க எல்லாம் கேட்டோம். அப்புறம் வடக்குக் கடல் பத்தி எழுதினீங்களே, அதுவும். மொதப் பொஸ்தகத்துல கப்பல் மாட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் ஐஸ் முனகுமே, அதைக் கேட்டுட்டு நம்ம ஐஸ் சத்தமாட்டம் இருக்குன்னு சிரிச்சோம்."

"அப்ப அவர்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?"

பின் வரிசையிலிருந்து இறால் வியாபாரி ஒருவர் பதில் சொன்னார். "அண்ணனுக்குத் தாங்காது சார். கூடாரம் வந்தாலே தொண்டை அடைச்சுக்கும். துரையைக் காப்பாத்துனாத்தான் அன்னைக்கு அவருக்குச் சாப்பாடு எறங்கும். சரி, வந்து சேரட்டும்னு விட்டுட்டோம்."

"புதுசா யாரு வந்தாலும் முன்கூட்டியே சொல்லி வச்சிருவோம்" என்றார் ராசாத்தி. "கடைசியில ஒண்ணும் கேக்காத, கைய மட்டும் தட்டுன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் மகன் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மைக்கில் ஏதோ சத்தம் கேட்டது. அதன்பின் மிச்சத்தை வாசித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. மூச்சு விட வேண்டிய இடங்களில் நீங்கள் விடுவதுபோலவே விட்டிருக்கிறேன். வாசிக்கும்போது தெரியவில்லை, இறங்கி வந்த பிறகு உங்கள் மகன் சொன்னான். அந்த மூச்சு இனி என்னிடம்தான் இருக்கும் போலிருக்கிறது. நன்றாக இருக்கிறது, திருப்பித் தரப் போவதில்லை.

மாணவர்களில் ஒரு பெண் அடுத்த மாதம் அவர்கள் விடுதியில் வந்து பேச முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் பயந்தேன்.

இன்று காலை இந்த மடலை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. உங்கள் முடிவை அங்கே ஒருவரும் நம்பவில்லை. உங்கள் முகத்துக்காகக் கை தட்டியிருக்கிறார்கள். என் புத்தகங்களை அங்கே யாரும் படித்ததில்லை என்று எழுதியதும் தவறு. அதை மட்டும் நான் மூன்று இடத்தில் விசாரிக்கவில்லை. ஓர் இடத்தில்கூட விசாரிக்கவில்லை.